எண்ணூர் கேட்டுக்கு ஒரு போன்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு வேர்த்துவிடும். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சொல்ல ஆரம்பித்தால் நீளமாகச் சொல்ல வேண்டும். நீளமாகப் பேசுவது எனக்கு வராது. அதனால் "கம்பெனில" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது எதிரே நின்றுகொண்டு யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

ராயபுரத்தில் துறைமுகச் சுவருக்கு எதிர்ப்பக்கம் எங்கள் கம்பெனியின் பழைய கட்டடம் இருக்கிறது. கண்டெய்னர் ஏற்றி இறக்குகிற கம்பெனி. மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அதற்குள் பீரோ போலக் கருப்பாக ஒன்று நிற்கிறது. அதற்கு மெயின்ஃபிரேம் என்று பெயர். எந்தக் கண்டெய்னர் எந்த யார்டில் இருக்கிறது, எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான். அதற்குக் குளிர் வேண்டும் என்பதால் அறையில் ஏசி நிற்கவே நிற்காது. அக்கினி வெயிலிலும் நான் கையில் சுவெட்டருடன்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா தினமும் கேட்பாள்: "இன்னா நைனா, இன்னைக்கும் ஊட்டிக்கா?" நான் சிரித்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவேன். பதில் சொன்னால் இன்னொரு கேள்வி வரும்.

அதற்கு முன்னால் பல வருஷம் நான் யார்டில் இருந்தேன். கண்டெய்னர் மேல் ஏறி இரும்புக் கம்பி மாட்டிக் கட்டுகிற வேலை. ஒருநாள் மழையில் வழுக்கி விழுந்ததில் முட்டி போய்விட்டது. அதற்கு மேல் ஏணியில் ஏற முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனை வேறு எங்கே போடுவது? கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு, ஏசி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிரிண்டருக்குக் காகிதம் வைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

அந்த அறைக்குப் பொறுப்பு ஒரு மேடம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். அதனால் மேடம் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேசாத ஆள் என்பதாலோ என்னவோ, என்னை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

எங்களுக்கு நான்கு இடத்தில் யார்டு. திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், அப்புறம் உள்ளே தள்ளி மணலி புதுநகர். ஒவ்வொரு யார்டின் கேட் கேபினிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ரவுட்டர் என்பார்கள். டிஃபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் விளக்குகள் மின்னும். கேட்டில் டிரெய்லர் வந்து நின்றால் கண்டெய்னர் நம்பரை அங்கே அடிப்பார்கள். அது இந்தப் பெட்டி வழியாக ராயபுரத்துக்கு வந்து, மெயின்ஃபிரேம் சரி என்று சொன்னால்தான் சீட்டு அச்சாகும், கேட் திறக்கும். பெட்டி செத்தால் கேட்டும் செத்தது.

முன்பெல்லாம் பெட்டி செத்தது எங்களுக்குத் தெரியாது. வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி, டிரைவர்கள் கெட்ட வார்த்தையில் கத்திய பிறகு யாராவது போன் பண்ணுவார்கள். மேடம்தான் அதற்கு ஒரு வழி செய்தார். மெயின்ஃபிரேமே சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நான்கு பெட்டிகளையும் கூப்பிட்டு இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் அந்தப் பெட்டியின் வரி பச்சையாக இருக்கும். வராவிட்டால் சிவப்பாகிவிடும். அதற்கென்று தனி மெஷின் வாங்கித் தரக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இருக்கிற பெரிய மெஷினுக்கே இந்த வேலையையும் சொல்லிக் கொடுத்தேன் என்றார்.

"நீங்க சும்மா உக்காந்து பாருங்க அண்ணாச்சி. செவப்பு வந்தா அந்த யார்டுக்கு ஒரு போன் போட்டு என்னன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலையில் பேர் வாசிப்பார்கள், உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும். என் குரல் வாத்தியாரின் மேஜை வரைக்கும் போனதே இல்லை. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் விழும். எண்ணூரில் உப்புக் காற்றில் கிடக்கிற ஒரு பெட்டி, கூப்பிட்ட உடனே பதில் சொல்வதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆனால் அந்தப் போன் விஷயம்தான் சரிப்படவில்லை. சிவப்பு வந்தால் நான் எழுந்து போய் மேடத்தின் மேஜை அருகே நிற்பேன். அவர் நிமிர்ந்து, "எது?" என்பார். நான் விரலைக் காட்டுவேன். ஒரு விரல் திருவொற்றியூர், நான்கு விரல் மணலி புதுநகர். அவரே போன் செய்துவிடுவார். மறுமுனையில் யார் பேசினாலும் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்கும். அதிலும் எண்ணூர் கேட் சூப்பர்வைசரின் குரல் இருக்கிறதே, போன் இல்லாமலே ராயபுரத்துக்கு வந்துவிடும்.

இப்படியே காலம் போயிருக்கும். ஒருநாள் மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஹெட் ஆபீஸில் ஒரு பேச்சு நடக்கிறதாம். இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிடலாமா என்று. ஹெட் ஆபீஸிலிருந்தே ஓர் ஆபீசர் வந்து ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கப்போகிறார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் இந்த நாற்காலி போய்விடும்.

"நான் எங்க போறது?" என்றேன்.

"திரும்ப யார்டுக்குத்தான் அண்ணாச்சி. கீழ வேல காலி இல்லன்னு சொல்லிட்டாங்க."

என் கை தானாக முட்டிக்குப் போனது. மேடம் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னொண்ணு. அன்னைக்கு நான் போனத் தொடக் கூடாதாம். திரையப் பாக்குற ஆளேதான் எல்லாத்தையும் பாக்கணுமாம். நீங்கதான் பேசணும்."

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னேன். அவள் எர்ணாவூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் குரலுக்குக் காக்காய்கூட ஒதுங்கும். அவள் செல்போனை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வீட்டுக்குள் இருந்து எடுத்தேன்.

"அலோ, கம்ப்யூட்டர் ரூம்லேர்ந்து பேசறேன்" என்றேன்.

"யாரு, கொசுவா?" என்றாள். "யோவ், இன்னாய்யா இது? மீனுக்கு வெல கேக்கறவன்கூட இத்தவிட சத்தமா கேப்பான். வவுத்துலேர்ந்து பேசு."

வயிற்றிலிருந்து பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, வவுத்து வலியா?" என்றார். அதோடு போனை வைத்துவிட்டேன்.

ஆபீசர் வந்த நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் லீவு என்பதால் அன்றே எல்லா ஆபீசிலும் பூஜை. கீழே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் காலையில் வந்ததும் மெயின்ஃபிரேமின் கதவில் சந்தனப் பொட்டு வைத்துப் பூச்சரம் மாட்டியிருந்தேன். ஆபீசர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பெரிய அதிகாரி என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, "குளுருதுங்களே" என்று கையைத் தேய்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடம் தன் மேஜையில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். போனைத் தொடாமல் இருக்க அவரே தன்னைக் கட்டிப்போட்டது போல.

நான்கு வரியும் பச்சை. டீ வந்தது. குடித்தோம். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே ஒன்றும் நடக்காமல் நாள் போய்விட வேண்டும் என்று மெயின்ஃபிரேமில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

திருவொற்றியூர் சிவப்பானது.

போனை எடுத்தேன். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பேச வேண்டியதில்லையே என்று மனதுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்குள் எர்ணாவூர் சிவப்பு. அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. அடுத்து மணலி புதுநகர். ஆபீசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணூரும் போனது. திரை முழுக்கச் சிவப்பு.

"எல்லாமே எப்படிங்க ஒண்ணா போகும்? நம்ம பக்கம்தான் ஏதோ கோளாறு" என்றார் ஆபீசர்.

"நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார் மேடம். "சாயங்காலக் கப்பலுக்குப் போற வண்டியெல்லாம் இப்பத்தான் யார்டுலருந்து கிளம்பணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணூருக்கு அடித்தேன். இந்தத் தடவை எடுத்துவிட்டார்கள். மேளச் சத்தம் காதைக் கிழித்தது.

"அலோ! எண்ணூர் கேட்டு!"

"நான்... கம்ப்யூட்டர் ரூம்லேர்ந்து..."

"இன்னாது? கேக்கல! மோளம் அடிச்சிகினு கீறாங்கோ. கத்து மாமு!"

"கம்ப்யூட்டர் ரூமு!" என்று கத்தினேன். ஆபீசரின் கையில் இருந்த இரண்டாவது டீ தளும்பியது.

"அந்தம்மாதானே எப்பவும் பேசும்? நீ யாரு நைனா?"

"நானும் இங்கதான் குந்திகினுகீறேன். உங்க பொட்டி இன்னாச்சு? லைட்டு எரியுதா?"

"பொட்டியா? அது பூசைல கீது."

"பூசைலயா?"

"ஆமா. நல்லா தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, பூ சுத்தி, சாமி படத்தாண்ட குந்த வெச்சிகீறோம். மாப்ள கணக்கா கீது. வந்து பாரேன்."

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "பெட்டியக் கழட்டிப் பூஜையில வெச்சிருக்காங்க" என்றேன். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எதுக்குபா கழட்டுனீங்க?" என்றேன் போனில்.

"இன்னாபா இப்டி கேக்கற? ஸ்பேனரு வெச்சிகீறோம், சுத்தி வெச்சிகீறோம், தராசு வெச்சிகீறோம். வர்ஷம் பூரா ஒரு நாள் லீவு இல்லாம வேல செய்யறது அந்தப் பொட்டிதான். அத்த மட்டும் வுட்டா பாவம் இல்ல? போன வர்ஷமும் வெச்சோம். அதுக்கு முன்ன வர்ஷமும் வெச்சோம். உள்ள வர்ற வண்டிக்கு சீட்ட கையால எழுதிக் குட்த்துட்டு, லீவு முடிஞ்சி கம்ப்யூட்டர்ல ஏத்திக்குவோம். நாலு கேட்லயும் அப்டித்தான். எவனும் ஒண்ணும் கேக்கல. நீ மட்டும் எப்டி கண்டுகினே?"

அந்தக் கேள்வி அறையில் எல்லோருக்கும் கேட்டது. மேடம் இந்தத் திரையை வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, போன பூஜைக்கு இது கிடையாது. ஆபீசர் திரையைப் பார்த்தார், பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"சரி, இப்ப எடுத்து மாட்டுப்பா. கப்பலுக்கு வண்டி போவணும், அதுக்குக் கைச்சீட்டு செல்லாது."

"ஐயே! பூசைல வெச்சத காலைல தானே எடுக்கணும்? சாமி குத்தம் ஆயிடும். பேஜாரு பண்ணாத மாமு. போன வை."

அவர் சொல்வதிலும் தப்பில்லை. என் வீட்டில் மனைவி அருவாமனையைப் பூஜையில் வைத்துவிட்டால், அன்றைக்கு அரசாங்கமே வந்து கேட்டாலும் எடுக்கமாட்டாள். மெயின்ஃபிரேம், கப்பல் என்று இவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. போனை வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பக்கம் ஒரு டிரெய்லர் ஹாரன் நீளமாக அடித்தது.

"இரு, இரு. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெக்கறாங்கோ" என்றார் சூப்பர்வைசர். இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. "ஏத்து, ஏத்து!" என்று பத்துக் குரல்கள்.

"யோவ்!" என்றேன் நான். இந்த வார்த்தையை என் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. "வண்டிய ஆப் பண்ணியா பூச போட்ற?"

"அது எப்டிபா? ஸ்டார்ட் பண்ணி, பழத்து மேல ஏத்தி, ஒரு ரவுண்டு போவணும்."

"ஸ்பேனரு படுத்துகினு பூச வாங்கும். வண்டி ஓடிகினு பூச வாங்கும். இப்ப சொல்லு, பொட்டி ஸ்பேனரா, வண்டியா?"

அவர் யோசிப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"லைட்டு எரிஞ்சாத்தான்யா அதுக்கு உசுரு. மெயினு வொயரப் புடுங்கி அணைச்சி வெச்சிகினு சூடம் காட்டினா அது இன்னா பூச? இங்க பெரிய மிசினே பூ வெச்சிகினு ஓடிகினுதான் கீது. நிறுத்துனோமா? நீ பொட்டிய மாட்டு, லைட்டு எரியட்டும், அப்பால சூடம் காட்டு. பூவ எடுக்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எவ்வளவு பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

"அட, ஆமா மாமு" என்றார் அவர் மெதுவாக. "வண்டிதான் அது."

"சந்தனத்த மட்டும் ஓட்டைல அப்பாத."

"அப்பிட்டாங்களே!"

"தொட!"

மற்ற மூன்று கேட்டுக்கும் விடாமல் அடித்தேன். இந்தத் தடவை எடுத்தார்கள். எண்ணூர் ஆள் அதற்குள் செல்போனில் அவர்களுக்குத் தகவல் சொல்லியிருந்தார். திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் வண்டிக் கதையைக் கேட்டதும் சரி என்றார்கள். மணலி புதுநகரில் இருந்த ஆள்தான் சண்டை போட்டார். வண்டி என்றால் இதற்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே, எங்கே வைப்பது என்று கேட்டார். முன்னால் வை, மேலே ஏற்றாதே என்றேன். பக்கத்தில் ஆபீசர் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அப்புறம் காத்திருந்தோம். பெட்டி விழித்து எழ நேரம் பிடிக்கும் என்று மேடம் சொன்னார். மெயின்ஃபிரேம் ஒரு சுற்றுக் கூப்பிட்டது. பதில் இல்லை. ஆபீசர் சிரிப்பதை நிறுத்தினார். இன்னொரு சுற்று. எண்ணூர் பச்சையானது. எர்ணாவூர், திருவொற்றியூர். மணலி புதுநகர் கடைசியாக, எலுமிச்சம்பழத்துக்கு இடம் தேடிவிட்டு வந்தது போல, நிதானமாகப் பச்சையானது. மேடம் மடியிலிருந்து கைகளை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீசர் மாலை வரை இருந்தார். கிளம்பும்போது ஷூ லேசைக் கட்டிக்கொண்டே மேடத்திடம் சொன்னார்: "வெளிக் கம்பெனிக்காரன் பாத்திருந்தா லைன் கட்டுன்னு எழுதிப்போட்டு, நாளைக்கு ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருப்பானுங்க. பெட்டி பூஜைக்குப் போயிருக்குதுன்னு அவனுக்கு யாருங்க சொல்லுவா? இந்த ஏற்பாடே இருக்கட்டும்ங்க. நான் பேசிக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே இருங்க. போன்ல மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. காது இன்னும் ரொய்யுங்குது."

மெதுவாகப் பேசு என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் படி இறங்கிய பிறகு மேடம், "அண்ணாச்சி, இந்தச் சத்தத்த இத்தன நாளும் எங்க வச்சிருந்தீங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உடனே ஏசியைப் பார்க்கப் போய்விட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் எண்ணூரிலிருந்து வந்த ஒரு டிரெய்லர் டிரைவர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு பெரிய பை நிறைய பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

"கேட்டுலேர்ந்து குட்த்தனுப்பிச்சாங்கோ. இங்க போன்ல கத்துச்சாமே ஒரு ஆளு, அந்த ஆளு கைலதான் குடுக்கணுமாம். எங்க அது?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மேடம்தான் என்னைக் காட்டினார்.

டிரைவர் என்னைத் தலை முதல் கால் வரைக்கும் பார்த்தார். "இந்த ஆளா? ஐய, அங்க உன்ன பெரிய பயில்வான்னு நெனச்சிகினு கீறாங்கோ!" பையை என் கையில் திணித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

மேடத்துக்கு ஒரு காகிதத்தில் பொரியைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, நானும் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேடம் போன் பக்கம் திரும்பவே இல்லை, கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"மாமு! பொரி வந்துச்சா?"

வாய் நிறையப் பொரியோடு, எண்ணூருக்குக் கேட்கிற மாதிரி, "வந்துச்சிபா!" என்று கத்தினேன்.